களத்தில் கையுயர்த்திய விடங்கன் பொருட்டு

மங்கலம் பொலிக, நீர் நிறைக.

ஏழு பேரேரிகளையும் அவற்றின் மதகுகளையும் காத்தருள்பவரும், வெண்துடுப்புக் கொடி உயர்த்தியவரும், வடகரைக்கும் தென்கரைக்கும் ஒரே நீதி வழங்குபவருமாகிய ஏரிமங்கல நாட்டு அரசியார் நீலமங்கலை தேவியாரின் திருவடிகளுக்கு, குன்றவெளி நாட்டின் கோநகராம் பரிமேட்டில் தேவியாரின் தூதனாக இருக்கும் மணல்வாயில் கிழான் பெருங்காடன் தண்டனிட்டு வரையும் விண்ணப்பம். தேவியாரின் மற்றப் பட்டங்களையும் முறைப்படி எழுதவே விருப்பம். ஆயினும் சொல்ல வேண்டியது மிகுதி, இவ்வூரில் நல்ல ஓலை அரிது, என் விரல்களும் முன்போல் வளைவதில்லை. எழுதாது விட்ட பட்டங்களையும் எழுதினதாகவே கொண்டருள்க.

அவ்விடத்து ஏரிகள் கரை ததும்பி, தேவியாரும் சுற்றமும் நலமுற்றிருக்க வேண்டுகிறேன். இவ்விடம் யான் நலம் என்றே சொல்ல வேண்டும். குன்றவெளியார் விருந்தோம்பலில் குறை வைப்பவர் அல்லர்; ஆனால் காலையில் கொள்ளுக் கஞ்சி, உச்சியில் கொள்ளுச் சாறு, மாலையில் கொள்ளுச் சுண்டல் என்று குதிரைக்கும் தூதனுக்கும் ஒரே உலையில் வேகிறது. மீனை மறந்து வெகுநாளாயிற்று. படுக்கையிலும் குதிரைவாடை, நீராடி எழுந்தாலும் குதிரைவாடை. இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. யான் இருக்கும் இடம் எத்தகையது என்று தேவியார் அறிவதற்காகவே சொல்கிறேன்.

இனிச் செய்தி. தேவியார் விடுத்த கட்டளை ஓலை நேற்று வந்து சேர்ந்தது. நம் நாட்டின் பொருட்டுக் குதிரைப் போட்டியில் இறங்கிய விடங்கன், போட்டி முடியுமுன் கையுயர்த்திக் களத்தை விட்டு வெளியேறினான் என்றும், அது நாட்டுக்கு வந்த தலைகுனிவு என்றும், ஆதலால் அவன் சேணத்தைப் பரிமேட்டிலேயே எரித்துவிட்டு அவனை நம் எல்லைக்கல்லுக்கு இப்பால் கால் வைக்க விடாது துரத்த வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. முத்திரை தேவியாருடையது, கையெழுத்தும் தேவியாருடையது, கோபமும் தேவியாருடையதே. அந்தக் கட்டளையை யான் நிறைவேற்றவில்லை. ஏன் என்று சொல்லவே இவ்வளவு ஓலையையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தேவியார் அறிந்த செய்தி, அஞ்சலோட்டி தத்தன் கொண்டுவந்த செய்தி. தத்தன் பொய் சொல்பவன் அல்லன். விடங்கன் கையை உயர்த்தியதைக் கண்டான், குதிரை களத்தை விட்டு வெளியே நடந்ததைக் கண்டான், அக்கணமே புறப்பட்டுவிட்டான். அன்று அக்களத்தில் எல்லோரையும்விட வேகமாய் ஓடியவன் அவன் ஒருவனே. கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரித்ததே மெய் என்று நம் அவையில் நாள்தோறும் சொல்கிறோம். ஆனால் விசாரிக்கிறவன் மெதுவாகத்தான் எழுத முடிகிறது, ஓடுகிறவன் முந்திவிடுகிறான்.

தத்தன் கண்டதற்கு நம் நாட்டில் ஒரே பொருள்தான் உண்டு. ஓடப்போட்டியில் நடுவழியில் துடுப்பை உயர்த்தியவன் கோழை. அவன் வீட்டுத் துடுப்பைப் படித்துறையில் முறித்து அவனை நாட்டை விட்டு அனுப்புவது நம் முன்னோர் வைத்த முறை. தேவியார் துடுப்புக்குப் பதிலாகச் சேணம் என்று மாற்றி எழுதியிருக்கிறார்கள். ஓடம் அறிந்தவர் எவரும் அப்படித்தான் எழுதுவார். யானும் அங்கிருந்தால் தலையசைத்திருப்பேன்.

ஆனால் யான் இங்கிருக்கிறேன். தூதாக வர வேண்டிய குதிரைப்படைத் தலைவர் காய்ச்சலில் படுத்ததால், ஏரி வாரியத்தில் மதகும் கலிங்கும் பார்த்துக் காலம் கழித்த என்னை அனுப்பி வைத்தார்கள். குதிரையில் தலை எது வால் எது என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. வந்தபின் கேட்டும், கேலிக்கு ஆளாகியும், தவறியும் கற்றவற்றைக் கற்ற வரிசையிலேயே கீழே எழுதுகிறேன். இச்சொற்களை அறியாமல் விடங்கன் மேல் தீர்ப்புச் சொல்ல இயலாது. பொறுத்து வாசித்தருள்க.

போட்டி எதற்கு என்பது தேவியாருக்குத் தெரியும். அவையில் புதியவர் எவரேனும் உடனிருந்து கேட்கக்கூடும் என்பதால் சுருங்கச் சொல்கிறேன். இரு நாட்டுக்கும் இடைப்பட்ட கோரைவெளிப் புல்நிலம், போட்டியில் எந்நாட்டு வீரன் வெல்கிறானோ அந்நாட்டு மாடுகளுக்கு அவ்வாண்டு மேய்ச்சல் நிலமாகும். இது இரு நாட்டு முன்னோரும் செய்துகொண்ட உடன்படிக்கை. இவ்வாண்டு நம் பக்கம் இறங்கியவர்கள், தென்கரைக் குடியில் பிறந்த விடங்கனும், தாயிழந்த குட்டியாக வந்தபோது தேவியாரே சங்கில் பசும்பால் புகட்டி வளர்த்த பெண்குதிரை செவ்வந்தியும்.

களத்தில் எனக்கு இடம் தந்தது குன்றவெளிக் கோமான் பரிவேள் செங்கண்ணனாரின் தமக்கையார் கொற்றிதேவியாருக்குப் பக்கத்தில். அவ்வம்மையார் இளமையில் தாமே களமிறங்கி இருமுறை தோளெலும்பு முறித்துக்கொண்டவர். வாய் ஓயாதவர், பொரியுருண்டை மெல்வதையும் ஓயாதவர். செவ்வந்தி களத்துக்குள் நுழைந்து தாளம் தப்பாமல் காலெடுத்து வைத்ததும், ஓட்டம் தொடங்கிவிட்டதென்று எண்ணி எழுந்து நின்று கைதட்டினேன். அம்மையார் என் மேலாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். குதிரை இன்னும் வணக்கம் சொல்லவே வந்துகொண்டிருக்கிறதென்றும், கைதட்டலை வீணாக்காமல் மடியில் கட்டிவைக்கும்படியும் அருளினார்.

அப்போதுதான் அறிந்தேன், குதிரையின் கால்களுக்கு நான்கு கதிகள் உண்டு. முதலாவது நடை, அது நாம் அறிந்ததே. இரண்டாவது துடிநடை. ஒரு பக்கத்து முன்காலும் மறுபக்கத்துப் பின்காலும் ஒன்றாய் விழும். காதுக்கு இரண்டிரண்டு தட்டாகக் கேட்கும். மூன்றாவது தாவுநடை, மும்மூன்று தட்டு. நான்காவது பாய்ச்சல், அதில் தட்டை எண்ண என் போன்றவனால் ஆகாது. இவற்றைக் கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முயலாதே, கண்ணை மூடிக் காதால் எண்ணு என்று அம்மையார் சொன்னார். கண்ணை மூடினேன். முதல்நாள் வெயிலில் அப்படியே சற்று உறங்கிவிட்டதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இப்போட்டி மூன்று கூறாக நடக்கும். எவன் முந்தி ஓடுகிறான் என்பதே போட்டி என்று நம்மவர் எண்ணுகிறோம். அது அன்று. முதற்கூறுக்கு அடக்கம் என்று பெயர். குதிரை வட்டமிடும், நிற்கும், பின்னே காலெடுத்து வைக்கும், குறுக்காக நடக்கும். ஏறியவன் ஒன்றுமே செய்யாதவன்போல் அமர்ந்திருப்பான். ஒன்றும் செய்யாதவன்போல் தெரிவதுதான் இதில் கடினமாம். நம் அவையில் இது எளிதில் வருகிற கலை. குதிரைமேல் மட்டும் கடினம் போலும்.

இக்கூறின் முடிவில் அறிவிப்போன் எண்களைக் கூவினான். விடங்கனுக்குச் சொன்ன எண் சிறியதாக இருந்தது. குன்றவெளி வீரனுக்குச் சொன்னது பெரியதாக இருந்தது. யான் மனம் சோர்ந்து, தேவியாருக்கு என்ன எழுதுவதென்று அப்போதே எண்ணத் தொடங்கிவிட்டேன். கொற்றிதேவியார் என் முகத்தைப் பார்த்து, தூதருக்கு வயிற்றுவலியா என்று வினவினார். பிறகு விளக்கினார்: இந்நாட்டார் நிறைகளை எண்ணுவதில்லை, குறைகளைத்தான் எண்ணுகிறார்கள். எவன் பெயருக்கு எதிரே குறை மிகச் சிறியதோ அவன் முந்தியவன். அதாவது நாம் முன்னால் இருந்தோம். முதல்முறை பார்ப்பவர் எல்லோரும் இவ்விடத்தில் சறுக்குவார்களாம். யானும் சறுக்கினேன் என்பதில் வியப்பில்லை.

இரண்டாம் கூறு வெளியோட்டம். காடு, மேடு, பள்ளம், நீர்த்துறை எல்லாவற்றையும் கடந்து குறித்த நேரத்துக்குள் திரும்பி வரவேண்டும். மிக விரைந்தாலும் அவர்களுக்கு மகிழ்ச்சியில்லை. தாமதித்தால் குறை ஏறும். குன்றவெளிக் குதிரைகள் நீரைக் கண்டு தயங்கின. நம் செவ்வந்தியோ, தன் ஊர் ஏரியைக் கண்டதுபோல் காதுகளை முன்னே நீட்டிக்கொண்டு இறங்கினாள். அவள் கரையேறி உடலை உதறியபோது நீர் என் முகத்தில் தெறித்தது. எனக்குக் கண் கலங்கியதை அந்நீரே மறைத்தது. இந்நாட்டுக்கு வந்தபின் யான் மகிழ்ந்திருந்தது அந்த ஒரு பொழுதுதான்.

மூன்றாம் கூறு தடைதாவல். கழிகளை அடுக்கித் தடைகள் வைத்திருப்பார்கள். கழி விழுந்தால் குறை. தடையின் முன் குதிரை நின்றுவிட்டால் அதற்கு மறுப்பு என்று பெயர். அதற்கும் குறை உண்டு. ஆனால் குதிரையை எவரும் அடிப்பதில்லை, ஏசுவதில்லை. வட்டமடித்து மீண்டும் கொண்டுவந்து கேட்கிறார்கள். இரண்டு மறுப்பு வரை பொறுக்கிறார்கள். மூன்றாவது மறுப்பில்தான் போட்டியிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். குதிரைக்குத் தெரிந்த ஏதோ ஒன்று ஏறியவனுக்குத் தெரியாதிருக்கலாம் அல்லவா என்று கொற்றிதேவியார் கேட்டார். நாற்பதாண்டு அவைப்பணியில் யான் ஒரு மறுப்புக்கும் இடம் கண்டதில்லை. பொரியுருண்டை ஒன்றை வாங்கி மென்றேன்.

இனித்தான் முதன்மையானது. போட்டி முடியுமுன் களத்தை விட்டு வெளியே போவதற்கு இங்கு இரண்டு வழிகள் உண்டு. இரண்டும் வேறு வேறு. நம்மவர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம்.

ஒன்று நீக்கம். அது நடுவர் செய்வது. மூன்றாம் மறுப்பு, வழி தவறுதல், குதிரையைக் கொடுமை செய்தல் இவற்றுக்கு மணி அடித்து அனுப்பிவிடுவார்கள். மற்றது கையுயர்த்தல். அது ஏறியவன் தானே செய்வது. இக்குதிரைக்கு இன்று இதற்கு மேல் கூடாது என்று அவன் உள்ளம் சொன்னால், கதியை நடைக்குக் குறைத்து, நடுவர் முன் கையுயர்த்தி வணங்கி வெளியேறலாம். அதற்கு மணியும் இல்லை, பழியும் இல்லை. அவ்வாண்டு வெற்றி போகும், அவ்வளவே.

போட்டி முடிந்த பின்னும் ஒரு சடங்கு இருக்கிறது. நடத்திக் காட்டல் என்பார்கள். ஒவ்வொரு குதிரையையும் சேணமின்றி, கடினமான தரையில் துடிநடையாக நடத்தி நடுவர்முன் காட்ட வேண்டும். இரண்டிரண்டு தட்டில் ஒரு தட்டு மெலிந்து கேட்டாலும் அக்குதிரை நொண்டுகிறது என்று பொருள். நொண்டும் குதிரையை ஓட்டி வென்றவனுக்கு வெற்றி இல்லை என்பது மட்டும் அன்று. அவன் நாட்டையே பன்னிரண்டு ஆண்டு போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். அவ்வளவு காலமும் கோரைவெளி எதிர்நாட்டுக்கே. இதையும் தேவியார் மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்ததைக் கேட்டருள்க.

கடைசி நாள், இறுதியில் களமிறங்கியவன் விடங்கன். குன்றவெளி வீரனின் குதிரை ஒருமுறை மறுத்து ஒரு கழியும் தட்டியிருந்தது. நம் குறையோ இன்னும் சிறியதாகவே இருந்தது. பழுதில்லாமல் சுற்றி வந்தால் போதும்; ஒரு கழி விழுந்தாலும்கூட நமக்கே வெற்றி. செவ்வந்தி ஒவ்வொரு தடையாகத் தாண்டினாள். இன்னும் இரண்டே தடைகள். கோரைவெளி நம் கையில் என்று யான் மனத்துக்குள் ஓலை எழுதத் தொடங்கிவிட்டேன்.

அப்போது பக்கத்திலிருந்த கொற்றிதேவியார் மெல்லுவதை நிறுத்தினார். யான் களத்தைப் பார்த்தேன். எனக்கு ஒரு வேறுபாடும் தெரியவில்லை. குதிரை ஓடிக்கொண்டுதான் இருந்தது. அம்மையார் எப்போதும் என்னோடு அவைத்தமிழில் பேசுகிறவர், அப்போது மட்டும் தம் ஊர்ப்பேச்சில், “அய்யோ, இறங்கறப்போ கால சுருக்கிட்டாளே” என்றார். அவ்வளவுதான். அடுத்த கணம் விடங்கன் கடிவாளத்தை மெதுவாக வாங்கினான். பாய்ச்சல் தாவுநடையாயிற்று, தாவுநடை நடையாயிற்று. அடுத்த தடை கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. அவன் அதைப் பார்க்கவே இல்லை. வலக்கையை உயர்த்தி நடுவரை வணங்கினான். இறங்கினான். சேணத்தின் வாரைத் தளர்த்தினான். அவள் கழுத்தோரம் நின்று வெளியே நடத்திக்கொண்டு போனான்.

தத்தன் கண்டதும் இதுதான். இதன் பிறகு நடந்ததை அவன் காணவில்லை. களத்தைச் சுற்றியிருந்த கூட்டம் முழுவதும் எழுந்து நின்றது. ஒரு சத்தமும் இல்லை. நம்மை இழிவு செய்கிறார்கள் என்று எண்ணினேன். எதிர்த்து இரண்டு சொல் சொல்லலாம் என்று வாயும் திறந்தேன். பார்த்தால், பரிவேள் மன்னரே அரியணை மேடையிலிருந்து இறங்கிப்போய், களத்து வாயிலின் குறுக்குக் கழியைத் தம் கையால் எடுத்து வழிவிட்டு நின்றார். வென்றவனுக்கு ஏவலன்தான் வாயில் திறப்பான். குதிரைக்காகக் கையுயர்த்தியவனுக்கு மன்னன் திறப்பான். இது இந்நாட்டு முறை. வென்ற குன்றவெளி வீரனுக்கு அன்று வாயில் திறந்தவன் யார் என்று எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவையில் யாரேனும், நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு என்று சொல்லக்கூடும். சொல்பவர் யார் என்பதையும் யான் அறிவேன். அவருக்காக இதையும் எழுதுகிறேன். குதிரை மருத்துவர் இருவர் தனித்தனியே செவ்வந்தியைப் பார்த்தார்கள். இடது முன்காலில் முழங்காலுக்குக் கீழே பின்புறமாக ஓடும் நரம்பு பிசகி வீங்கியிருந்தது. தொட்டால் அடுப்பங்கல்லைத் தொட்டதுபோல் சூடு. இன்னும் ஒரு தடை தாண்டியிருந்தால் நரம்பு அறுந்திருக்கும் என்று இருவரும் சொன்னார்கள். நரம்பறுந்து கீழே விழுந்த குதிரையை அவ்விடத்திலேயே கொன்றுவிடுவதும் இந்நாட்டு முறைதான்; அதை மட்டும் கொற்றிதேவியார் விளக்கவில்லை, யானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

தேவியாரின் கட்டளை ஓலையை யான் பலமுறை வாசித்தேன். அதில் விடங்கனின் பெயர் இருக்கிறது, சேணம் இருக்கிறது, கோரைவெளி இருக்கிறது. செவ்வந்தி எப்படி இருக்கிறாள் என்று ஒரு சொல்லும் இல்லை. முதலில் அது எனக்கு வலித்தது. பிறகுதான் தெளிந்தேன்: அவளுக்கு ஏதோ நேர்ந்தது என்பதே தேவியாருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஓலையின் முதல் வரியே வேறாக இருந்திருக்கும்.

கட்டளையை விடங்கனுக்கு யானே வாசித்துக் காட்டினேன். வேறு யாரையேனும் அனுப்பியிருக்கலாம்.  அவன் லாயத்தில் அவள் காலுக்குக் குளிர்ந்த களிமண் அப்பிக்கொண்டிருந்தான். முழுதும் கேட்டான். கையை நிறுத்தவில்லை. அவன் வாய்ச்சொல்லை அவைத்தமிழுக்கு மாற்றினால் குறைந்துபோகும் என்பதால் அப்படியே எழுதுகிறேன்: “நாடு வேணாம்னு சொன்னா போயிடறேன் ஐயா. ஆனா இவள எல்லைக்கல்லு வரைக்கும் நானே கூட்டிட்டுப் போறேன். வேற ஆளு கையில தீனி எடுக்க மாட்டா.” தடை இரண்டுதானே மிச்சம், தாண்டச் செய்திருக்கலாமே, வெற்றி பெற்ற பின் எவர் என்ன சொல்லப்போகிறார் என்று யான் கேட்டேன். தேவியாரின் பொருட்டு இதைக் கேட்கும் கடமை எனக்கு இருந்தது. அதற்கு அவன், “ஓடத்துக்கு வலிக்காதுங்க ஐயா” என்றான். 

தேவியாரே, யான் அறுபது ஆண்டுக்கு மேல் ஏரிக்கரையில் வாழ்ந்தவன். ஓடப்போட்டி எத்தனையோ பார்த்திருக்கிறேன், துடுப்புகள் முறிபடுவதையும் பார்த்திருக்கிறேன். அவன் சொன்னது ஒருநாளும் என் நினைவுக்கு வந்ததில்லை. மரத்தின் மேல் அமர்ந்து ஓட்டுகிறவனுக்கு எழுதிய முறையை உயிரின் மேல் அமர்ந்து ஓட்டுகிறவனுக்கு வைத்தோம். துடுப்பு முறிக்கும் முறையை வைத்த முன்னோர் குதிரை அறியாதவர். அவர்கள் மேல் தவறில்லை. தேவியார் மேலும் தவறில்லை. ஆனால் விடங்கன் மேலும் இல்லை, அதைத்தான் சொல்ல வந்தேன்.

பரிவேள் மன்னர் செய்தி அறிந்து, விடங்கனுக்குத் தம் லாயத்தில் தலைமை இடமும், குடியிருக்க மனையும் தருவதாகச் சொல்லியனுப்பினார். எனக்கும் அது நல்ல வழியாகவே தோன்றியது. எல்லோருக்கும் தொல்லை குறையும். அவன் வணங்கி மறுத்தான். குதிரை தேவியாருடையது, அதை உரியவர் கையில் சேர்க்கும் வரை தனக்கு வேறு வேலை ஏற்க உரிமை இல்லை என்று தூது சொல்லி அனுப்பிவிட்டான். அதன் பின் தன்னைத் துரத்துவதானால் துரத்தட்டும் என்கிறான். நல்லவர்களோடு வேலை செய்வதைப்போல் அலுப்பு வேறில்லை.

இனி யான் செய்தவற்றைச் சொல்கிறேன். யான் புறப்பட்டபோது தேவியார் தம் விரலிலிருந்து மீன்முத்திரை மோதிரத்தைக் கழற்றி என் கையில் வைத்து, எல்லைக்கல்லுக்கு அப்பால் இம்மோதிரம் சொல்வது யாம் சொல்வது என்று அவையறிய அருளினார்கள். அதன் வன்மையால், பரிமேட்டில் சேணத்தை எரிக்கும் கட்டளையை நிறுத்தி வைத்தேன். அதே மோதிரத்தால் எல்லைக்காவல் தலைவனுக்கு ஓர் ஆணையும் எழுதிவிட்டேன். அது வருமாறு: விடங்கனையும் செவ்வந்தியையும் தடையின்றி உள்ளே விடுக, வழியில் நல்ல நீரும் பசும்புல்லும் தருக, அவர்களை விரைவுபடுத்தாதிருக்க. இந்த ஆணை செல்லுமா செல்லாதா என்பதில் ஐயம் வேண்டாம். மோதிரத்தின் வன்மை எல்லைக்கல் வரை உண்டு. காவலன் நிற்பது கல்லுக்கு வெளியே, குன்றவெளிப் பக்கம். ஏரி வாரியத்தில் வரப்புத் தகராறு தீர்த்தே தலை நரைத்தவன் யான். கல் எங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

கல்லுக்கு உள்ளே, நம் நாட்டில், தேவியாரின் சொல்லே சொல். அங்கு யான் ஆணையிட இயலாது, வேண்டத்தான் இயலும். கோரைவெளி இவ்வாண்டு நம்முடையது அன்று. மாடுகளுக்கு மேற்கு ஏரியின் நீர்ப்பிடிப்பைத் திறந்துவிட்டால் கோடை வரை தாக்குப்பிடிக்கும், அதற்கான ஏற்பாட்டை வாரியத்தில் என் உதவியாளர் அறிவார். அடுத்த ஆண்டு நாம் மீண்டும் போட்டியிடலாம். நொண்டும் குதிரையால் வென்றிருந்தால் பன்னிரண்டு ஆண்டு இயலாது; கையுயர்த்தியதனால் இயலும். இதையும் விடங்கனின் கணக்கில் வைத்தருள்க.

இன்னும் ஒன்று. குதிரைக்கு இரண்டு மறுப்புகள் பொறுக்கப்படும் என்று மேலே எழுதினேன். தேவியாரின் தந்தையார் காலத்திலிருந்து இட்ட கட்டளை எதையும் யான் மறுத்ததில்லை. இது என் முதல் மறுப்பு. இதுவே தேவியாருக்கு மிகையென்று தோன்றினால், தூதுப்பணிக்கு வேறொருவரை அனுப்பியருள்க. கொள்ளு பிடித்தவராகப் பார்த்து அனுப்பினால் அவருக்கு நன்று. மீன்முத்திரை மோதிரத்தை இவ்வோலைக் கட்டின் வெளிநாடாவில் முடிந்து திருப்பி அனுப்பியிருக்கிறேன். கட்டின் மேலுள்ள அரக்கில் பதிந்திருப்பது அது என் கையிலிருந்து இட்ட கடைசி முத்திரை.

விடங்கன் இன்று விடியலில் புறப்பட்டுவிட்டான். செவ்வந்தி மூன்று காலில் உடலைத் தாங்கி நடப்பதால் மெல்லத்தான் வருவார்கள். இவ்வோலை முந்தி வந்துவிடும். அவர்கள் நம் நகரின் கிழக்கு வாயிலை அடையும்போது, காவலர் வாயிலாகவோ அமைச்சர் வாயிலாகவோ செய்தி கேளாமல் தேவியாரே அங்கு எழுந்தருள வேண்டும். அவளுடைய இடது முன்காலைத் தேவியாரின் கையாலேயே தொட்டுப் பார்த்தருள வேண்டும். சூடு இன்னும் தணிந்திராது. அதன் பின்னும் சேணத்தை எரிக்கவே திருவுளமானால், அதைத் தேடி எவரையும் அனுப்ப வேண்டியதில்லை. அவள் முதுகில் பாரம் கூடாதென்று விடங்கன் அதைத் தன் தோளில் சுமந்துகொண்டு வருகிறான்.

ஏரிகள் வற்றாதிருக்க, மதகுகள் பழுதறுக, தேவியாரின் செங்கோல் நிலைபெறுக. இவை மணல்வாயில் கிழான் பெருங்காடன் எழுத்து. மீன்முத்திரை இட்டது, அரக்கு ஆறுமுன் அனுப்பியது.